கொழுந்துக்கூடையில் ஒரு கடுவன்

பூனை கூப்பிட்டால் வராது, விரட்டினால் போகாது. இந்தச் சின்ன உண்மையைத் தெரிந்துகொள்ள என் மாமாவுக்கு ஒரு முழுப் பகலும் இரண்டு முழங்கைத் தோலும் செலவாயின. அவர் அம்மாவின் தம்பி. காட்டுப்பன்றிக்குக் கண்ணி வைப்பதில் லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொள்வார். அவரிடம் பன்றி எதுவும் அகப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் சொல்வதில் குறை வைத்ததில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த காலம். எனக்கு ஏழு வயது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அப்பா, அம்மா, மாமா, நான், சாம்பல் நிறக் கடுவன் பூனை ஒன்று என ஐந்து பேர் குடியிருந்தோம். கடுவன் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அது வந்த பிறகு அரிசிச் சாக்கை எலி தொடவில்லை என்பதால் யாரும் விசாரிக்கவும் இல்லை. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. சாயந்தரம் அம்மா மலையிலிருந்து வந்து, காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்பில் கொழுந்துக்கூடையை இறக்கி வைப்பாள். கூடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலில் ஒட்டிய அட்டைகளைப் பிடுங்குவாள். அந்த நேரம் பார்த்துக் கடுவன் கூடைக்குள் இறங்கிச் சுருண்டுவிடும். நாளெல்லாம் கொழுந்து கிடந்த சூடு அதற்குப் பிடித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் கடுவன் சாப்பிடுவதை நிறுத்தியது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. தண்ணீர் வைத்தால் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. பட்டினியாகக் கிடக்கிறதே என்று மூன்றாம் நாள் நானே சோற்றை உருட்டி ஊட்டப் போனேன். என் கட்டைவிரலின் அடியில் நன்றாகக் கடித்துவிட்டது.

தோட்டத்து மருந்துக்காரர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, டிஞ்சர் தடவி, என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். அம்மாவிடம் அவர் சொன்னதை நான் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். பூனைக்குப் பைத்தியம் பிடித்திருந்தால் எனக்குத் தொப்புளைச் சுற்றி நாள் தவறாமல் ஊசி போட வேண்டும். பூனையை உயிரோடு பதுளை மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினால், ஊசி வேண்டுமா வேண்டாமா என்று அங்குள்ள டாக்டர் சொல்வார். பூனை ஓடித் தொலைந்துவிட்டால் பேச்சே இல்லை, ஊசிதான். மேல் லயத்தில் ஒருவருக்கு அந்த ஊசியைப் போடும்போது நான்கு பேர் பிடித்துக்கொண்டார்களாம். போட்டுக்கொள்ளாமல் விட்ட இன்னொருவர் செத்தே போனார். அம்மா இரண்டு பேரையும் அறிந்தவள். மருந்துக்காரர் எழுதிக் கொடுத்த துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, என் மறு கையைப் பிடித்து லயத்துக்கு நடந்தாள்.

எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. மாமா மட்டும், "கடுவனுக்குப் பைத்தியம்னா சுட்டுருவாங்க மருமகளே," என்றார். போன மாதம்தான் துரையின் உத்தரவில் லயத்து நாய்கள் சிலவற்றைச் சுட்டிருந்தார்கள். ஆகவே எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. கடுவனைப் பதுளைக்குக் கொண்டுபோவது கொல்வதற்குத்தான்.

மறுநாள் மாமா வேலைக்குப் போகாமல் வேட்டையில் இறங்கினார். முதலில் சாக்கு. உள்ளே கருவாட்டுத் தலையைப் போட்டு வாயைத் திறந்து வைத்தார். கடுவன் வந்தது, மோந்து பார்த்தது, எச்சில் வடித்தது, போய்விட்டது. அடுத்தது தேயிலைப் பெட்டி. அதைக் கவிழ்த்து ஒரு குச்சியால் முட்டுக்கொடுத்து, குச்சியில் கயிறு கட்டிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நெடுநேரம் கழித்துக் கயிற்றை இழுத்தார். பக்கத்துக் காம்பராக் கோழி அகப்பட்டது. கோழிக்காரி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கடைசியில் மாமா கூரைத் தகரத்தில் ஏறினார். முழங்கைத் தோல் போனது அப்போதுதான். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

சாயந்தரம் அம்மா வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கடுவன் கூரையிலிருந்து குதித்து, மாமாவைச் சுற்றிக்கொண்டு வந்து, கூடைக்குள் இறங்கியது. அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கூடையின் வாயில் போட்டு, கயிற்றால் வரிந்து கட்டினாள்.

"இம்புட்டுத்தான்," என்றாள்.

"இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் மாமா, முழங்கைக்கு மஞ்சள் பூசிக்கொண்டே.

காலையில் கங்காணியிடம் சொல்லிவிட்டு அம்மாவும் நானும் கிளம்பினோம். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கொழுந்தெடுக்கப் போகிறவளைப் போலவே கடுவனை முதுகில் தூக்கிக்கொண்டாள். கோழிக்காரி இஸ்தோப்பில் நின்று பார்த்தாள்.

"பூனை குறுக்க போனாலே போற காரியம் ஆகாதும்பாங்க. நீ தூக்கிக்கிட்டே போறியே."

"பூனையை மடியில கட்டிக்கிட்டு சகுனம் பாக்க முடியுமாக்கா," என்றாள் அம்மா.

தோட்டத்து எல்லையில், பஸ் ரோட்டுக்கு ஏறும் சின்னப் பாலத்தருகே, காவக்காரர் நின்றார். கூடையோடு ஒரு பெண் எல்லையைத் தாண்டக் கூடாது. கொழுந்தைத் திருடி வெளியே விற்கிறார்கள் என்று அப்போது ஒரு புகார் இருந்தது. அதிலும் வாய் கட்டிய கூடை.

"கூடையோட எங்கம்மா போற?"

"பூனைங்க. பதுளைக்குக் கொண்டு போறேன். மருந்துக்காரய்யா துண்டு குடுத்திருக்காரு."

துண்டு இங்கிலீஷில் இருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் எவ்வளவு நேரம் பார்ப்பாரோ அவ்வளவு நேரம் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். காலையிலிருந்து கத்திக்கொண்டே வந்த கடுவன் அப்போது பார்த்து மூச்சுக் காட்டவில்லை. பூனையைப் பதுளைக்குக் கொண்டுபோகிற கூலிக்காரியை அவர் தன் ஆயுளில் கண்டதில்லை. என் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, நீ சொல்லு. உள்ள என்ன?"

நான் யோசித்துச் சொன்ன முதல் பொய் அதுதான்.

"கொழுந்து," என்றேன்.

அவர் கூடையை இறக்கச் சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார். அம்மா "வேணாங்க, வேணாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் படங்கு விலகியது. கடுவன் அவர் தோளைத் தாண்டிப் பாய்ந்து தேயிலைச் செடிகளுக்குள் மறைந்தது. ஒரு செடி ஆடியது, அடுத்தது ஆடியது, பிறகு எல்லாம் அசையாமல் நின்றன. மேலே ரோட்டில் பதுளை பஸ் நின்று, கிளம்பிப் போனது.

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா வெறுங்கூடைக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"புள்ளதான் கொழுந்துன்னு சொல்லிச்சு," என்றார் காவக்காரர் மெல்ல.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"அதைச் சுட்டுருவாங்களாம்மா," என்றேன். "மாமா சொன்னாரு."

"அதை யாரும் சுட மாட்டாங்க. அது வராட்டித்தான்..." என்று தொடங்கியவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பிறகு எழுந்தாள். படங்கை இடுப்பில் கட்டினாள். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு செடிகளுக்குள் இறங்கி, நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கத் தொடங்கினாள். காவக்காரர் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். கூடையின் அடி மறையும் அளவுக்குக் கொழுந்து சேர்ந்ததும் அம்மா மேலே வந்தாள். காவக்காரரைப் பாலத்துக்கு அப்பால் போய் நிற்கச் சொன்னாள். அவர் தட்டாமல் போனார். அம்மா கூடையை இறக்கி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அட்டை பிடுங்கத் தொடங்கினாள். என்னைக் கூடைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தாள்.

எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. அம்மாவின் உதடுகள் முருகனைக் கூப்பிடுவது தெரிந்தது. நானும் முருகனைத்தான் கூப்பிட்டேன். கடுவன் வந்துவிட வேண்டும் என்று அவளும், வந்துவிடக் கூடாது என்று நானும் ஒரே கூடையின் இரண்டு பக்கத்திலும் இருந்து வேண்டிக்கொண்டோம். முருகன் பெரியவர்கள் பக்கம் சாய்ந்தார். செடிக்கடியிலிருந்து சாம்பல் நிறத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. கடுவன் சோர்ந்துபோய் நடந்து வந்து, என்னைக் கண்டுகொள்ளாமல், கொழுந்தின்மேல் ஏறிச் சுருண்டது. அம்மா திரும்பிக் கூடை வாயைக் கட்டிய வேகம் என் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. அடுத்த பஸ்ஸை நடுரோட்டில் நின்று மறித்தவர் காவக்காரர். கூடையில் இருந்த கொழுந்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். துண்டைப் படித்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"பிள்ளையைத்தானோ கடிச்சது? பூனையை இஞ்சை கொண்டு வாங்கோ."

தடித்த கையுறை மாட்டி, கடுவனைத் துணியால் சுற்றிப் பிடிக்கச் சொல்லி, வாயை ஏதோ ஒரு கம்பியால் திறந்து, விளக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு இடுக்கியை உள்ளே விட்டு எதையோ இழுத்து எடுத்து, அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு மீன்முள். மேல்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

"இதுதான் பூனையாருக்கு வருத்தம். விசர், பைத்தியம் எண்டு நான் நினைக்கேல்லை. எண்டாலும் பத்து நாளைக்குக் கட்டி வைச்சுப் பாருங்கோ."

அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. ஒரு தட்டில் தண்ணீர் வைத்திருந்தார்கள். கடுவன் நக்கி நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. நான் அதன் பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் கடுவன்மேல் அவளுக்கு இவ்வளவு பிரியமா என்று எனக்கு ஆச்சரியமாகவும், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கடுவன் பத்து நாளைத் தாண்டி, அதற்குமேல் ஆறு வருடமும் இருந்தது. கருவாட்டுத் தலையைக் கண்டால் மட்டும் ஒதுங்கிப் போகும்.

அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து என்னை மடியில் இருத்திக்கொண்டாள். கடுவன் காலடியில் கூடைக்குள் தூங்கியது. அம்மா என் சட்டைக்கு அடியில் கையை விட்டு, வயிற்றின்மேல், தொப்புளை மூடினாற்போல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். கொழுந்துச் சாறு காய்ந்த சொரசொரப்பான கை. கூச்சமாக இருந்தது. ஒன்றும் சாப்பிடாமல் வந்துவிட்டோமே என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"எனக்குப் பசிக்கலம்மா," என்றேன்.

"சரிடி," என்றாள் அம்மா. லயம் வந்து சேரும்வரை கையை எடுக்கவில்லை.