வாய்க்கால் தாண்டிய பாஸ் கிடார்

போன முகூர்த்தத்தில் திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மண்டபத்து மேனேஜர் மேடையோரம் வந்து நின்று, என்னைப் பார்த்துக் கையைக் கீழே கீழே அமுக்கினார். பாஸ் கிடார் வாசிக்கிறவனுக்கு ஊர் உலகமெல்லாம் காட்டும் சைகை அது. பாட்டு முடிந்ததும் பக்கத்தில் வந்து, "அங்கிள், பாஸைக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க. டைனிங் ஹால்ல சாம்பார் வாளியெல்லாம் அதிருதுங்கறாங்க" என்றார்.

"வாளியை வேற மேசைக்கு மாத்தச் சொல்லுங்க தம்பி" என்றேன். நான் சிரிக்காமல்தான் சொன்னேன். அவர் போய்விட்டார்.

எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பிரபு இன்ஜினியரிங் படித்தவர், நல்ல மனுஷர். "பேசாம நீங்க ஒக்காந்துக்குங்க அங்கிள், பாஸை நான் எடது கையிலயே போட்டுடறேன்" என்று அடிக்கடி சொல்வார். அன்பாகத்தான் சொல்கிறார். அன்பாகச் சொல்வதால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது, சண்டை போட முடியவில்லை பாருங்கள். எனக்கு வயது அறுபதைத் தாண்டி வெகுநாளாகிறது. சர்க்கரை இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது, இடது காது மந்தம். அந்தக் காதை டிரம்ஸ் பக்கம் வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒருவகையில் சௌகரியம்தான். ஆனால் உட்கார மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

அன்றைக்குப் பாஸின் ஆம்ப்ளிஃபையர் பெட்டி சூடேறி, உள்ளே இருந்த தூசி கருகும் வாசனை வந்தது. எத்தனை பெட்டி மாற்றினாலும் இந்த வாசனை மட்டும் மாறுவதில்லை. அது வந்தால் கூடவே அந்துருண்டை வாசனையும் எனக்கு வந்துவிடும், பழைய கோட்டின் வாசனை. எங்கள் மெல்லிசைக் குழுவில் ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கருஞ்சிவப்புக் கோட்டு. நாகப்பட்டினத்தில் மொத்தமாகத் தைத்தது. என் கோட்டுக்குக் கை நீளம், டிரம்ஸ்காரர் கோட்டுக்குக் கை குட்டை, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று கடைசி வரை இரண்டு பேரும் சந்தேகப்பட்டோம். சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு நின்றால் வேர்வை குதிகால் வரை இறங்கும். ஆனாலும் அந்தக் கோட்டை நான் கழற்றியதே இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு திருத்துறைப்பூண்டிக்கு வெளியே, வயல் வேலை செய்கிறவர்களின் தெருவில் இருந்தது. லுத்தரன் சபைக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் எனக்கு எப்போதும் கீழ்க்குரல்தான் கொடுப்பார்கள். மேலே பெண்கள் அழகாகப் பாடிக்கொண்டு போவார்கள், நான் அடியில் நின்று முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அதனால் பாஸ் கிடாரை முதலில் பார்த்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நான் தொண்டையால் செய்வதை அது கம்பியால் செய்தது, அவ்வளவுதான். பகலில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை, சாயங்காலம் கச்சேரி.

குழுவை நடத்தியவர் நாகூர்க்காரர், கவுஸ் பாய். அவரே பாடுவார், அவரே ஊர் ஊராகப் போய்க் கச்சேரி பிடிப்பார். அந்த நாளில் கச்சேரி நடத்துவதே ஒரு சட்டசபை நடத்துகிற மாதிரி. ஒரு கட்சிக்காரர்களின் நடிகருக்கு ஒரு பாட்டுப் பாடினால் அடுத்த கட்சிக்காரர்களின் நடிகருக்கும் ஒன்று பாடியாக வேண்டும். தவறினால் செருப்பு வரும். பாய் அதையெல்லாம் சாமர்த்தியமாகச் சமாளிப்பார். எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "கோட்டைக் கழட்டாத. கோட்டைப் பாத்தா ஒருத்தனும் தெருவைக் கேக்க மாட்டான்."

உண்மை. கோட்டுப் போட்டவன் கலைஞன். எந்த ஊர் மேடையிலும் ஏறலாம், எந்த வீட்டுத் தம்ளரிலும் சோடா குடிக்கலாம். யாராவது ஊரைக் கேட்டால் "திருத்துறைப்பூண்டி" என்பேன். பொய் இல்லை. டவுனில் எல்லாத் தெருவும்தானே இருக்கிறது?

என் அத்தையை, அப்பாவின் தங்கையை, கட்டிக்கொடுத்த ஊர் அங்கிருந்து கிழக்கே. மேலத்தெருவுக்கும் அத்தை இருந்த தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். மேலத்தெரு மாரியம்மன் திருவிழாவுக்குப் பெரிய பண்ணையின் செலவில் வருஷா வருஷம் கச்சேரி நடக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் மேடைக்கு முன்னால் வரக்கூடாது. ஆனால் கச்சேரி கேட்கலாம். எப்படி என்றால், மைக் செட்காரர் தென்னை மரங்களில் கூம்பு ஸ்பீக்கர் கட்டும்போது ஒன்றை மட்டும் வாய்க்கால் பக்கம் திருப்பிக் கட்டுவார். அந்த ஜனங்கள் அக்கரையில் வரிசையாக உட்கார்ந்து கேட்பார்கள். இது அந்த ஊர் வழக்கம். பண்ணை தாராள மனசு என்று இதற்கே பெயர் வாங்கியிருந்தார்.

நாங்கள் அங்கே வாசிக்கப் போயிருந்த வருஷம் அறுவடையில் கூலித் தகராறு. கூலி நெல்லை ஏற்றிக் கேட்டு அக்கரைத் தெரு வயலில் இறங்கவில்லை. தெரு முனையில் செங்கொடி ஏறியது. பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுத்தார். போலீஸ் வந்தது, இரண்டு பேர் மண்டை உடைந்தது, கேஸ் நடந்தது. பங்குனியில் திருவிழா வந்தபோது பண்ணை ஏஜெண்டு மைக் செட்காரரிடம் ஒரே ஒரு உத்தரவு போட்டார். வாய்க்கால் பக்கம் ஸ்பீக்கர் கிடையாது. நான் மேடையில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தபோது என் காதுபடவே சொன்னார்: "கூலிதான் ஏத்திக் கேட்டானுவ. பாட்டும் கெடையாதுன்னு தெரியட்டும்."

நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மிச்சக் கம்பியை முறுக்கினேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கச்சேரி தொடங்கியது. இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். கூம்பு ஸ்பீக்கர் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம்தான் கத்தும். பாஸ் அப்படி இல்லை. அது தனிப் பெட்டியில் தரையோடு தரையாக வரும். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, திருப்பிக் கட்டவும் முடியாது. நாலு பக்கமும் போகும். இது எனக்குத் தெரியும், ஏஜெண்டுக்குத் தெரியாது. நான் ஒன்றும் திட்டம் போடவில்லை. வழக்கத்தைவிடப் பெட்டியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன், அவ்வளவுதான். சரி, கொஞ்சம் இல்லை.

நாலாவது பாட்டில் பாய் சரணத்துக்கு நடுவே மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே பாட்டு வந்தது. இருட்டில் ஆள் தெரியவில்லை. ஆணும் பெண்ணுமாக ஒரு தெருவே பாடுகிறது! டிரான்சிஸ்டரில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டு. அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என் பாஸ் மட்டும்தான். அந்த அடியை வைத்தே இன்ன பாட்டு, இன்ன வரி என்று கண்டுபிடித்து, மேலே இல்லாத ராகத்தையும் சொல்லையும் அவர்களே போட்டுக்கொண்டார்கள். மேலத்தெருக் கூட்டம் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தது.

ஏஜெண்டு மேடைக்கு ஓடிவந்தார். "யாருங்க அது டொம்மு டொம்முன்னு அடிக்கிறது? கொறைக்கச் சொல்லுங்க!"

"அதுதாங்க பாட்டுக்கு அஸ்திவாரம்" என்றார் பாய்.

"அஸ்திவாரம் வாய்க்காலுக்கு அந்தாண்ட எதுக்குப் போவுது?"

பாய் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "தம்பி, கொறைச்சுக்கடா. இந்தப் பண்ணைங்கள நம்பித்தான் நம்ம பொழப்பு."

"கொறைக்க மாட்டேன் பாய்."

"தெருவைக் கேப்பாங்கடா."

"கேக்கட்டும்."

ஏஜெண்டு என் முன்னால் வந்து நின்று ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்த ஊருப்பா?"

வழக்கமான பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லிக் குறைத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். கோட்டு கோட்டாகவே இருந்திருக்கும். நான் வாசிப்பதை நிறுத்தாமலே சொன்னேன்: "திருத்துறைப்பூண்டி பக்கங்க. தெருவு, அந்தா பாடுறாங்களே, அந்த மாதிரித் தெருவுதான். பாடுறவங்கள்ல எங்க அத்தையும் இருக்கும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் எனக்குச் சோடா கொடுத்த கண்ணாடித் தம்ளர் பெட்டியின் மேல் இருந்தது, அதைப் பார்த்தார். பிறகு மேடைக்குப் பின்னால் போய் என் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். ஷாக் அடிக்கக்கூடாதா என்று நினைத்தேன். காயில் கட்டுகிறவன் நினைக்கக்கூடாத நினைப்பு.

என் கம்பி ஊமையானது. ஆனால் அக்கரை நிற்கவில்லை. மீதிச் சரணத்தையும் பாடி, பல்லவியை இரண்டு தடவை திருப்பிப் பாடி, முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள்.

பாய் மைக்கைப் பிடித்தார். இனி என்னைக் கைகழுவிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். "பெரியவங்களே, எங்க பாஸ் கிடாருக்குக் கரண்ட் இல்லீங்க. அவருக்குக் கரண்ட் வந்ததும் நாங்களும் பாடுறோம்" என்றார். சொல்லிவிட்டு மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். டிரம்ஸ்காரரும் குச்சியைக் கீழே வைத்தார். வாலிபர்கள் விசிலடித்தார்கள், பெரியவர்கள் கத்தினார்கள், பிளக் மட்டும் திரும்பி வரவில்லை. கச்சேரி அத்துடன் சரி.

எங்களை அழைத்துவந்த டிராக்டர் எங்களைக் கொண்டுபோய் விடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆளுக்கொரு சாமானைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்து அத்தை தெருவுக்குப் போனோம். வரக்காப்பி கொடுத்தார்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார்கள். தெருவில் கரண்ட் ஏது? வெறும் கிடாரை மடியில் வைத்து வாசித்தேன். அத்தை கட்டையின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "என்னடா இது, கொசு மாதிரி இருக்கு. நீ அங்கேருந்து வாசிச்சப்பதான் நல்லாருந்திச்சு" என்றது. அத்தனை பேரும் சிரித்தார்கள். பாய்தான் அதிகமாகச் சிரித்தார்.

அதன் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்துப் பண்ணைகள் எங்களைக் கூப்பிடவில்லை. பாய் அதை ஒருநாளும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. நான் கோட்டுப் போடுவதை விட்டுவிட்டேன். விவசாயச் சங்கத்துக் கல்யாணம், கட்சிக் கூட்டம், மாதா கோயில் திருவிழா என்று வேறு மேடைகள் கிடைத்தன, குறைவாகவே கிடைத்தன.

சில வருஷம் கழித்து அத்தை தெருவுக்கு விளக்கு வந்தது. போட்டது எந்தக் கட்சி ஆட்சி என்பதில் அங்கே இன்றைக்கும் சண்டை நடக்கிறது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அங்கேயே கச்சேரி வைத்தோம். ஸ்பீக்கர் கட்டும்போது வாலிபர்கள் எல்லாவற்றையும் தெருவைப் பார்க்கவே கட்டச் சொன்னார்கள். "மேலத்தெருவுக்கு ஒண்ணு கூடாது" என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன், இன்னும் உரக்கச் சொன்னேன். அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பாட்டை அடைச்சு வக்கிறது அவன் புத்திடா. நமக்கு எதுக்கு அது? ஒண்ணை அந்தப் பக்கம் திருப்பிக் கட்டுங்க. நாம பாடுறதை அவன் கேட்டுத்தான் ஆவணும்." அப்படியே கட்டினோம்.

அத்தை போய்விட்டது. பாய் நாகூரிலேயே அடங்கிவிட்டார். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்கள். அதில் ஒரு பங்கை வாங்கி உழுகிறவன் அத்தையின் பேரன். கூம்பு ஸ்பீக்கரைக் கட்டக்கூடாது என்று இப்போது போலீஸ் சொல்கிறது. அந்த வாய்க்காலுக்குச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள், கரையில் உட்கார இடமில்லை.

போன தையில் அந்தப் பேரன் மகளுக்குக் காதுகுத்து, டவுன் மண்டபத்தில். அந்தத் தெருவே முன்வரிசையில் குஷன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நான் அந்தப் பழைய பாட்டின் அடியைத் தனியாக வாசித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காத அந்தப் பாட்டு போயே போய்விட்டது, இனி வராது.

அதற்காக அவர்களை மறுபடி இருட்டில், கரையில் கொண்டுபோய் உட்கார வைக்கச் சொல்வேனா? பாடாவிட்டால் போகட்டும். காலை நீட்டிக்கொண்டு முன்வரிசையிலேயே உட்காரட்டும்.