குழிக்கு ஒரு சாண்

பெரிய மனிதர்கள் கோல்ஃப் ஆடும்போது அவர்களுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது என் வேலை. கேடி என்பார்கள். பத்தாவது முடித்ததும் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். அங்கே கத்திப் பேச வேண்டும், எனக்கு வராது. இங்கே வாயைத் திறக்காமல் இருந்தால் நல்ல கேடி என்று பெயர்.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்று மட்டும் நாங்கள் ஆடிக்கொள்ளலாம். உறுப்பினர்கள் கழித்துப் போட்ட மட்டைகளில்தான் கற்றுக்கொண்டேன். இந்த நாட்டில் ப்ரொஃபஷனல்களாக ஆடியவர்களில் பலர் கேடிகளாக இருந்தவர்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களைக் கெடுத்ததும் அதுதான்.

போன வருடம் கேடிகள் போட்டியில் ஜெயிப்பவரை ப்ரொஃபஷனல் தகுதிச் சுற்றுக்குப் பெங்களூருக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். செலவெல்லாம் கிளப்புடையது. எனக்கு நாற்பத்தைந்து வயது. இதை விட்டால் இன்னொன்று கிடையாது. வீட்டில்கூடச் சொல்லாமல் பெயர் கொடுத்தேன்.

பதினெட்டில் பதினாறு குழிகள் முடிந்தபோது இரண்டு ஷாட் முன்னால் இருந்தேன். இரண்டாவதாக இருந்தவன் என்னோடு ஆடிய கே.கே. நகர் கேடி, பல வருட சிநேகிதன். நான் வழக்கமாகப் பை தூக்கும் சாரும் பார்க்க வந்திருந்தார். தி. நகரில் ஜவுளிக்கடை. எனக்காக வந்தாரே என்று பெருமையாகத்தான் இருந்தது.

பதினேழாவது குழிக்கு ஒரு சாண் தூரத்தில் என் பந்து நின்றது.

"போதும்லே, எடு" என்றார் சார்.

குனிந்து எடுத்துவிட்டேன்.

சனி, ஞாயிறுகளில் அவர்கள் ஆடுவது குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் ஆட்டம். பந்து கிட்டே வந்துவிட்டால் எதிராளி 'போதும்' என்று விட்டுக்கொடுப்பார், கேடி எடுத்துவிடுவான். எங்கள் போட்டியில் மொத்த ஷாட்களைக் கூட்டுவார்கள், குறைவாக அடித்தவன் ஜெயிப்பான். ஒரு விரல் தூரம் என்றாலும் பந்து உள்ளே விழ வேண்டும். இந்த விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பதினெட்டு வருடமாக அந்தக் குரலுக்குக் குனிந்த முதுகு, விதியைக் கேட்டுக்கொண்டு குனியவில்லை.

கடைசிக் குழிக்கு முதல் ஷாட்டை அடித்தேன். நேராகப் போனது. அதன் பிறகு சிநேகிதன் வாயைத் திறந்தான்.

"இன்னா நைனா, போன குழில பந்த உள்ள போடாமயே எடுத்துக்கினு வந்துட்ட?"

"அப்பவே சொல்றதுக்கு என்ன மச்சி?"

"நான் இன்னா உனுக்குக் கேடியா?"

அடிப்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் திரும்பிப் போய்ப் பந்தை அதே இடத்தில் வைத்து உள்ளே தள்ளியிருப்பேன். ஒரு ஷாட் அபராதம், அவ்வளவுதான். அப்போதும் நான்தான் முன்னால். அடுத்த குழிக்கு அடித்துவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். அவன் அதற்காகத்தான் காத்திருந்தான்.

போட்டியை நடத்திய கமிட்டிக்காரர் வந்து கேட்டார்: "யார் எடுக்கச் சொன்னது?"

சார் பக்கத்திலேயே நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் பார்த்தேன். தலை நிமிரவில்லை.

"நானாத்தான் எடுத்தேன் சார்."

வெளியே காரில் ஏறும்போது சார் சொன்னார்: "ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்லா. இத்தன வருசமா இருக்க, ரூல் தெரியாதா ஒனக்கு? சரி, சனிக்கிழம ஆறு மணிக்கு வந்துரு."

பெங்களூருக்குச் சிநேகிதன் போனான். பை தூக்க என்னைக் கூப்பிட்டான். "நீ கூட இருந்தாதான் தில்லா இருக்கும் நைனா." முடியாது என்று சொல்ல எனக்கு எப்போதும் வந்ததில்லை. போனேன். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் சொன்னேன். தப்பாகச் சொல்ல ஒரு தடவை நாக்கு வரை வந்தது, சொல்லவில்லை. அவன் அடித்தது உள்ளே போகவில்லை. தகுதி பெறாமல் திரும்பினோம். ரயிலில், "அடுத்த வருசம் நீ போவ பாரு" என்று சொல்லிவிட்டு நன்றாகத் தூங்கினான்.

நானும் அதை நம்பி ஒரு வருடம் திங்கட்கிழமை தவறாமல் ஆடினேன்.

இந்த வருடம் போட்டி அறிவிப்பு ஒட்டியபோது, முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் என்று இருந்தது. சார் இப்போது கமிட்டியில் இருக்கிறார். மூன்றாவது குழிக்கு நடக்கும்போது அவரே சொன்னார்.

"சின்னப் பயலுகளுக்கு வாய்ப்புக் கொடுக்கணும்லா. நான்தான் சொல்லி மாத்த வச்சேன்."

"ஆமா சார்" என்றேன்.