நண்டு இழுத்த சில்லு

எங்கள் தீவின் சாத்தம் படகுத்துறையில், அக்கரையில் உள்ள பாம்பூ பிளாட் போகும் படகுக்காக நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. மெயின்லேண்ட் கப்பலில் அன்று காலை வந்திறங்கிய எங்கள் ஜீப் ஓட்டுநர் மரியதாஸ், "அண்ணே, சிவசு சார் போயிட்டாராம். மதுரையில சொன்னாங்க" என்றார். "யாரு சொன்னது? கண்ணால பாத்தாங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. அது என் கேள்வியே அல்ல, சாருடைய கேள்வி.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியாததா? எங்கள் மானிடவியல் அலுவலகத்தில் அவர் ஆராய்ச்சியாளர், நான் படம் வரைபவன். தோண்டி எடுப்பதையெல்லாம் நான் வரைவேன், அவர் சந்தேகப்படுவார். கேன்டீனில் சாம்பார் வைத்தால்கூட, "இது இன்னைக்கு வச்சதா, நேத்தையதா? எந்த அடுக்கு?" என்பார். அப்பப்பா, அந்த மனிதரோடு ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியாது!

லாங் ஐலண்ட் பக்கம் ஒரு சிப்பி மேட்டைத் தோண்டினோம். தீவின் ஆதிக்குடிகள் தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட சிப்பியும் பன்றி எலும்பும் சேர்ந்து மேடானது அது. அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். புதுக் குடியேற்றத்துக்கு நிலம் திருத்துகிறவர்கள் நெருங்கிவிட்டதால் அவசரம் அவசரமாகத் தோண்டினோம். அடி ஆழத்தில் என் கையில் ஒரு பீங்கான் சில்லு தட்டுப்பட்டது. பழங்காலக் கடல் வணிகம் என்று மேலதிகாரி துள்ளிக் குதித்தார். சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போன தலைமுறைக் கோப்பை சார்" என்றார். அதிகாரியின் முகம் கறுத்தது. தன்னைக் கேலி செய்ய யாரோ வைத்திருக்கிறார்கள் என்றார். குழிக்குள் இருந்தவன் நான் ஒருவன்தான்.

"நீ வச்சியா?" என்று சார் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஐயோ, நான் எதுக்கு சார் வைக்கணும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. கல்யாணமான புதிது. வேலை போனால் அடுத்த கப்பலில் ஊர் திரும்ப வேண்டியதுதான். என்னை நீக்கப்போவதாக அதிகாரி சொன்னபோது குறுக்கே வந்தவரும் சார்தான். "சந்தேகம் எனக்கும் இருக்கு. அது சாட்சி ஆகுமா? இந்த மேடு பூரா நண்டு வளை. நண்டு உள்ளே இழுத்திருக்கலாம். வேற ஒரு சில்லை வளையில போட்டு வைப்போம். மழை முடியட்டும், பாத்துடலாம்" என்றார்.

விளிம்பில் நீலக் கோடு ஓடும் தன் டீக் கோப்பையை அங்கேயே உடைத்தார். அடிப்பாகத்து வெள்ளைச் சில்லு ஒன்றை என்னிடம் நீட்டி, "நீயே வளையில போடு. நாளைக்கு என்னைச் சொல்லக் கூடாது" என்றார். நான் போட்டேன். மற்றச் சில்லுகளை அவர் தன் பையில் போட்டுக்கொண்டார். அந்த மழைக்காலம் முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று நானும் அவரைச் சந்தேகப்பட்டேன்.

மழை விட்டது. அதிகாரி வருவதற்கு முந்தின நாள், வளையைப் பார்த்து வருகிறேன் என்று தனியாகப் போன சார், முழங்கை வரை மண்ணோடு திரும்பினார். மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் தோண்டினோம். நல்ல ஆழத்தில் சில்லு கிடைத்தது. "கேக்டா சோர் ஹை!" என்று கூலிக்காரர்கள் நண்டைத் திருடனாக்கிச் சிரித்தார்கள். அதிகாரி போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். என் வேலை தப்பியது.

மாலையில் அதை வரைய உட்கார்ந்தேன். விளிம்பில் நீலக் கோடு ஓடியது. நிமிர்ந்தால், சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, வரைஞ்சிட்டியா?"

"வரையறேன் சார்."

"ம்."

பின்னால் வேறொரு மேட்டில் நண்டு சில்லை இழுத்துப் போவதை நாங்களே கண்ணால் பார்த்தோம். "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று கைதட்டிச் சிரித்தார். அவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சில்லு என் மேசை மேல் இருக்கிறது. நண்டு இழுக்கும், சரி. நான் போட்ட வெள்ளைச் சில்லில் நீலக் கோடு போடுமா? யாரையும் நம்பாத மனிதர் எனக்காகத் தன் தொழிலிலேயே பொய் சொன்னாரோ என்ற சந்தேகம்தான் அவர் எனக்கு விட்டுப்போனது. கேட்டிருந்தால், "சாட்சி இருக்கா?" என்றிருப்பார்.

இருக்கிறது சார். இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. இனி உங்கள் வேலை போகாதே.