சிரிக்கக் கூடாத கட்டில்

பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குவது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் லிஃப்ட்டக்கா. தன் வாழ்க்கையில் பாதி மேலே போனது, மீதி கீழே வந்தது என்று அவளே சொல்வாள். ஆள் ஏறாத நேரமெல்லாம் முக்காலியில் உட்கார்ந்து நகைச்சுவைக் கதைகளாகப் படித்துத் தள்ளுவாள். மூன்றாம் மாடிக்காரரை ஒன்பதில் இறக்கிவிட்டுத் திட்டு வாங்கும்போதும், பத்தியை முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள்.

சிறுநீரகம் இரண்டும் கைவிரித்த பிறகு, அந்தப் புத்தகங்களும் அவளோடு மருத்துவமனையின் இலவச டயாலிசிஸ் கூடத்துக்கு வந்தன. கையில் ஊசி குத்தி, ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் இயந்திரம். முடியும்வரை கையை அசைக்கக் கூடாது. அசைத்தால் இயந்திரம் ஊரைக் கூட்டிவிடும்.

ஒரு நாள் அடுத்த கட்டிலில் படுத்திருந்த பிளம்பர் நர்ஸிடம் சொன்னார்: "இதோட சரி சிஸ்டர். இனிமே வரமாட்டேன்."

"வராம இருந்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"நல்லாத் தெரியும். தாங்குற வரைக்கும் தாங்கட்டும். புள்ளைங்க அழுதும் பாத்தாச்சு. வீட்டுல யாருக்கும் பாரமா இருக்க வேணாம்."

நர்ஸ் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். பிளம்பர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். லிஃப்ட்டக்காவுக்கு ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. விதி, கர்மா என்று அளக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. புத்தகத்தைப் பிரித்தாள். மனப்பாடமான கதைதான். இருந்தும் சிரிப்பு பீறிட்டது. இயந்திரம் அலறியது.

"சாகக் கிடக்கிற இடத்துல என்னம்மா இளிப்பு?" என்றார் பிளம்பர்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லி லீவு போட்ட ஒருத்தன் பீரோ வாங்கக் கடைக்குப் போறான். அவன் மேனேஜரும் அங்க வர்றாரு. இவன் ஒரு பீரோவுக்குள்ள ஒளிஞ்சுக்கிறான்."

"அதுல என்ன இருக்கு?"

"மேனேஜர் அதே பீரோவை வாங்கிட்டாரு."

சுவரிடமே பேசுவதுபோல், "வாய்விட்டுப் படி" என்றார் பிளம்பர்.

படித்தாள். கூலியாட்கள் பீரோவைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்க, "கனத்தைப் பாரு, அசல் தேக்கு!" என்று மேனேஜர் பூரிக்கிறார். பிளம்பரின் தோள் குலுங்கியது. இப்போது இரண்டு இயந்திரங்கள் அலறின. நர்ஸ் ஓடிவந்து புத்தகத்தைப் பிடுங்கினார்.

"ஊசி நழுவினா ரத்தம் கொட்டும். இங்க இனி புத்தகமே கூடாது."

"மாடியில பணம் கட்டுறவங்க ரூம்ல டிவி ஓடுதே சிஸ்டர். அவங்க சிரிச்சா நழுவாதா? ஏழை சிரிச்சாத்தான் நழுவுமா?"

நர்ஸ் புத்தகத்தோடு தன் மேசைக்குப் போய்விட்டார். புத்தகம் திரும்பவில்லை.

"அப்புறம் அவன் என்ன ஆனான்?" என்றார் பிளம்பர்.

மீதிக் கதையை அவள் ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். "வாயால சொன்னா சப்புன்னு போயிடும்ணே. புத்தகத்தை எப்படியாவது வாங்கி, அடுத்த முறை, வெள்ளிக்கிழமை படிக்கிறேன்" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒரு மனிதனின் உயிரை வைத்து விளையாடுகிறோமோ?

வெள்ளிக்கிழமை அடுத்த கட்டில் காலியாகக் கிடந்தது. வாசலையே பார்த்துக் கண் பூத்துப்போனது அவளுக்கு. நர்ஸும் வேலையோடு வேலையாக அங்கேதான் பார்த்தார். கடைசியில் மூச்சிரைக்க வந்து நின்றார் பிளம்பர்.

"பஸ் கெடைக்கல. அந்தப் பய வெளிய வந்தானா, இல்லையா?"

லிஃப்ட்டக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பெற்ற பிள்ளைகள் அழுதும் வர மறுத்த மனிதர். இவரை இழுத்து வந்தது வரமுமல்ல, மாயமுமல்ல. எங்கோ, யாரோ ஒரு மனிதர், தனியே உட்கார்ந்து கற்பனை செய்த ஒரு அசட்டுப் பீரோ. அந்த எழுத்தாளர் உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ. தான் எழுதிய வரி இன்று என்ன செய்தது என்று அவருக்குத் தெரியவே போவதில்லை.

நர்ஸ் ஒரு கையில் புத்தகமும், மறு கையில் பலகையும் கட்டுத்துணியுமாக வந்தார்.

"கையைப் பலகையோட கட்டிட்டா எவ்வளவு வேணும்னாலும் சிரிக்கலாம். நான் ராத்திரியே கதையைப் படிச்சு முடிச்சிட்டேன். பீரோவை யாரு திறக்குறாங்க தெரியுமா? அந்த மேனேஜரோட..."

"சிஸ்டர்! மேல ஒரு வார்த்தை சொன்னீங்க, இப்பவே திரும்பி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அதட்டிவிட்டு, பிளம்பர் ஊசிக்குக் கையை நீட்டினார்.