மல்லிகாவுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது

மல்லிகா போய்விட்டாள். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவள்தான்... ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அவள் மகள் போனில் சொன்னாள்.

அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் பெரம்பலூரில் நாங்கள் வேலை பார்த்த தையல் யூனிட்டின் பேஸ்புக் பக்கத்தில் ஒரு போஸ்ட் போட்டிருக்கிறார்கள். அவள் போட்டோ, சுற்றிலும் பூ. "எங்கள் குடும்பத்தில் ஒருவர். கண்பார்வை குறைந்ததால் தாமாகவே பணியிலிருந்து விலகிக்கொண்டவர்."

பொய்.

கீழே வரிசையாகக் கைகூப்புகிற படங்கள். கைகூப்பியவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள். மறந்துவிட்டதா உங்களுக்கு?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டுக்குப் போகும் கிறிஸ்துமஸ் ஸ்டாக்கிங்கில் பெயர் போடுவது எங்கள் வேலை. முழங்கால் உயரத்துக்குப் பெரிய காலுறை. அதன் மேல்பட்டியில் குழந்தையின் பெயரைக் கிராஸ் ஸ்டிச்சில் போட வேண்டும். கட்டம் எண்ணி, சின்னச் சின்னப் பெருக்கல் குறியாக. பண்டிகைக்கு அதற்குள் பரிசு வைத்துத் தொங்கவிடுவார்களாம்.

முதல் நாள் மல்லிகா ஒன்றைத் தூக்கிப் பிடித்து என்னிடம் கேட்டாள். "ஏன் தனக்கா, ஒத்தக் காலுக்குத்தான இருக்கு? இன்னொரு காலு சாக்ஸ யாரு தைக்கிறா?"

"அரியலூர்ல தைக்கிறாங்கடி, போயி வாங்கிட்டு வா" என்றேன். ஹாலே சிரித்தது.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். இங்கிலீஷ் எழுத்தை அந்தக் கட்டங்களில்தான் நானாகப் படித்தேன். மல்லிகாவும் அப்படித்தான். ஒரு பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "எத்தன்னு போட்டுருக்குக்கா... பெத்த புள்ளைக்கு யாராச்சும் எத்தன்னு பேரு வெப்பாங்களா?"

அது ஈத்தன் என்று சூப்பர்வைசர் சொன்னார். அவள் கடைசிவரை நம்பவில்லை.

கரடிக்குட்டி டிசைன் போட்டது எல்லாம் கைக்குழந்தைகளுக்கு. அதில் மட்டும், பெயர் முடிகிற இடத்துக்குக் கீழே, ஆர்டரில் இல்லாத ஒரு கறுப்புத் தையல் போடுவாள். ஒன்றே ஒன்று.

"கைப்புள்ளக்கா. வர்றவன் போறவன்லாம் பாக்குற மாதிரி மாட்டி வெப்பாங்க... கண்ணு பட்டுடாது?"

வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையர் அதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான். மேனேஜர் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "என்ன இது, அழுக்கு?"

"அழுக்கு இல்லீங்க சார். திருஷ்டிப் பொட்டு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவருக்கு அதில்தான் கோபம் ஏறியது. ஆனாலும் ஒரு வழி சொன்னார். "கண்ணு சரியாத் தெரியல, தப்பாக் குத்திட்டேன்னு சொல்லிடு. பையர்கிட்ட நான் பேசிக்கறேன். வேலையில இருந்துக்க."

"கண்ணு நல்லாத்தான் சார் தெரியுது. தெரிஞ்சுதான் வெச்சேன்."

"ஒரு தையல்தான சார், பிரிச்சுட்டாப் போச்சு" என்று நான் எழுந்தேன். "உக்காரும்மா" என்றார். நான் உட்காரவில்லை. மற்ற எல்லாரும் குனிந்த தலை நிமிரவில்லை.

அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நானும் போகவில்லை.

அவள் சொல்ல மறுத்ததை இவர்களே ஊரெல்லாம் சொன்னார்கள். அரியலூரில் ஒரு தையல் கடைக்கு வேலை கேட்டுப் போனோம். "உங்களுக்குக் கண்ணு செரியில்லையாமே... எப்படிம்மா ஊசி புடிப்பீங்க?" என்று அவளைக் கேட்டார் கடைக்காரர். அவர் மேஜையில் கிடந்த ஊசியை எடுத்து, அவர் எதிரிலேயே நூல் கோத்துக் கொடுத்தாள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஊரான குன்னத்திலேயே பருத்தி எடுக்கப் போனாள். சாகும்வரை அதே வேலை.

போன மாதம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். எதிர்ப்பக்கக் கடை வாசலிலிருந்து கத்துகிறாள். "தனக்கா, ஜாக்கெட்ட உள்ள வெளியா மாத்திப் போட்டுருக்க! முந்தானையப் போத்து!" அத்தனை தூரத்திலிருந்து தையல் பிசிறைப் பார்த்தவளுக்கா கண்பார்வை குறைவு?

இதை அவர்கள் போஸ்டிலேயே கமெண்ட்டாக எழுதினேன். அழித்துவிட்டார்கள். அதனால் என் பக்கத்தில் எழுதுகிறேன்.

"பெரிம்மா, சாவு வூட்டு நாள்ல சண்ட எதுக்கு?" என்று தங்கச்சி மகள் கேட்கிறாள். செத்தவள் மேல் பழி போட்டது நானா?

மேனேஜர் சார், பூவெல்லாம் இருக்கட்டும். அந்த ஒரு வரியை எடுங்கள்.

இன்று மத்தியானத்துக்கு மேல் குன்னத்தில் அவளை எடுக்கிறார்கள். யூனிட்டிலிருந்து மாலையோடு வருகிறார்களாம். வரட்டும்... அவள் தலைமாட்டில் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

போய் வா மல்லிகா.