படகு வரைந்ததற்குப் பூஜ்யம் போட்டேன்

நேற்று பன்னிரண்டாம் வகுப்புக்குத் திருத்திய விடைத்தாள்களைக் கொடுத்தேன். 3 cosθ + 4 sinθ-வின் அதிகபட்ச மதிப்பு என்ன என்று ஒரு கணக்கு. எல்லோரும் வகையிடல் செய்து ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள்.

பசியாவரம் மீனவ கிராமத்து மாணவி ஒருத்தி மட்டும் ஒரு படகும், செங்கோணத்தில் இரண்டு கயிறுகளும் வரைந்து, கீழே 5 என்று எழுதியிருந்தாள். விடை சரி. ஆனாலும் பூஜ்யம் போட்டு, “யாரைப் பார்த்து எழுதின?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். வகுப்பே சிரித்தது.

இன்று பழவேற்காடு பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

“அந்தப் படகு எதுக்கும்மா?” என்றேன்.

“எங்க நைனாவும் சித்தப்பாவும் படகை இழுக்குறாங்க மிஸ். ஒரு கயித்துல விசை மூணு, இன்னொண்ணுல நாலு. ரெண்டும் செங்கோணத்துல சேந்தா அஞ்சு. நீங்க கேட்டது θ பக்கமா எவ்ளோ இழுப்புனுதானே? எந்தப் பக்கம் பாத்தாலும் அஞ்சுக்கு மேல வராதுல்ல?”

பஸ் திருப்பாலைவனம் ஸ்டாப்பைத் தாண்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. பதினோரு வருடமாக நடத்தும் கணக்கு. எனக்கு இப்படித் தோன்றியதே இல்லை.

“இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“சொல்ல வந்தேன் மிஸ். நீங்க உக்காருனு சொல்லிட்டீங்க.”

அவள் முகத்தைப் பார்க்காமலே, “தப்பு என் மேலதாம்மா” என்றேன். இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள். “இதை அன்னிக்குச் சிரிச்சவங்க முன்னாடியே சொல்வீங்களா மிஸ்?”

சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். நாளை முதல் பீரியட்.

மாணவரிடம் மன்னிப்புக் கேட்ட ஆசிரியர்கள் இங்கே யாராவது இருந்தால், முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள். இந்தக் கணக்குக்கு என்னிடம் கைடு இல்லை.