ஜன்னலை அடைத்த வேஸ்ட் துணி

எங்கள் குளியலறை கேஸ் கீசர் பழுதானதும் கணவர் பெரிதாக ஒன்று வாங்கி வந்தார். மாட்ட வந்தவர், "இத்தனூண்டு ரூம்புக்கு இது பெருசுங்க" என்றார். "தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டட்டுமுங்க" என்று சிரித்தேன்.

பக்கத்து பனியன் கம்பெனியின் பஞ்சு சோப்பில்கூடப் படிகிறதே என்று, அந்த அறையின் ஒரே ஜன்னலை வேஸ்ட் துணியால் எப்போதோ அடைத்திருந்தேன்.

மறுநாள் மகள் குளிக்கப் போனாள். அவள் பாட்டு நின்றது. தண்ணீர் மட்டும் ஓடியது. "கண்ணு!" என்றேன். கதவைத் தட்டினேன். கதவை உடைத்தபோது தரையில் கிடந்தாள். வாசலுக்குத் தூக்கி வந்து, காற்றுப் பட்டதும் கண் திறந்தாள்.

"கீசரோட பெரிய தீ காத்தையெல்லாம் தின்னுருச்சுங்க. மூடுன ரூம்புல விஷப்புகை, நாத்தமே தெரியாது" என்றார் டாக்டர்.

இப்போது சின்ன கீசர், வெளிச்சுவரில். ஜன்னல் திறந்தே கிடக்கிறது. சோப்பில் பஞ்சு படிகிறது, ஊதிவிட்டுக் குளிக்கிறோம்.